தலைமடைக்குத் திரும்பும் திருத்தங்கள்

ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசியை இயக்கும் மென்பொருளில், அக்கைப்பேசியை விற்கும் நிறுவனம் தானே எழுதிய பகுதி மிகச் சிறியது. திரை, கேமரா, நினைவகம், பேட்டரி ஆகிய வன்பொருள்களுக்கும் பயனர் திறக்கும் செயலிகளுக்கும் இடையே நின்று, எதற்கு எப்போது எவ்வளவு என்று பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை மென்பொருள் லினக்ஸ் கெர்னல். 1991-ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அந்த நிரல், இன்று 3 கோடிக்கும் அதிகமான வரிகளாக வளர்ந்து, பல நாடுகளில் வாழும் ஆயிரக்கணக்கானோரின் கூட்டுழைப்பாக இருந்துவருகிறது. அதைக் கூகுள் எடுத்து ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப மாற்றுகிறது. கூகுளிடமிருந்து சிப் தயாரிக்கும் நிறுவனம் பெற்றுத் தன் சிப்புக்கு ஏற்ப மாற்றுகிறது. அதன் பிறகே கைப்பேசி நிறுவனத்தின் கைக்கு அது வந்து சேர்கிறது. இவ்வரிசையில் நிரல் பிறந்து வளர்க்கப்படும் இடத்தை அப்ஸ்ட்ரீம் என்றும், அதைப் பெற்றுப் பயன்படுத்தும் இடங்களை டவுன்ஸ்ட்ரீம் என்றும் நிரலாளர்கள் குறிப்பிடுவர். பாசன வாய்க்காலின் தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள உறவைப் போன்றது இது. ஆனால் நீருக்கு இல்லாத ஓர் இயல்பு நிரலுக்கு உண்டு: கடைமடையில் செய்யப்பட்ட ஒரு திருத்தம் தலைமடைக்குத் திரும்பிச் செல்ல முடியும், சென்றுவிட்டால் அங்கிருந்து எல்லாக் கிளைகளுக்கும் பாயும்.

திறமூல மென்பொருள் என்பது, எவரும் படிக்கவும் மாற்றவும் மாற்றியதைப் பிறருக்கு வழங்கவும் உரிமம் தரப்பட்ட மென்பொருள். கெர்னலுக்குரிய ஜிபிஎல் உரிமம், மாற்றப்பட்ட நிரலைப் பிறருக்கு வழங்குவோர் அதன் மூலநிரலையும் வழங்கியாக வேண்டும் என்று விதிக்கிறது; ஆயினும், அம்மாற்றத்தை அப்ஸ்ட்ரீமாகிய மூலத்திட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று அது யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. மூலநிரலை ஓரிடத்தில் பதிவேற்றிவிட்டால் சட்டக் கடமை முடிந்துவிடும்; மூலத்திட்டத்தார் அதைப் படித்து, கேள்வி கேட்டு, திருத்தச் சொல்லி, இறுதியில் தங்கள் பொறுப்பில் ஏற்றுக்கொள்ளும்வரை உடன் நிற்பது அதைவிடப் பன்மடங்கு பெரிய வேலை. கட்டாயமற்ற இந்த வேலையைத் தன்னார்வலர்களும் போட்டி நிறுவனங்களும் ஏன் மேற்கொள்கின்றனர் என்ற கேள்விக்குப் பெருந்தன்மை என்று மட்டும் விடை சொல்வது போதாது. நிரலின் இயல்பிலேயே அதற்கு வலுவான காரணம் இருக்கிறது.

ஒரு திருத்தத்தை அருகில் வைத்துப் பார்த்தால் அக்காரணம் புலப்படும். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் உருவாக்கிய 'டிஃப்' என்னும் நிரல், ஒரு கோப்பின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் ஒப்பிட்டு, வேறுபடும் வரிகளை மட்டும் எடுத்துத் தரும். 1985-இல் லாரி வால் எழுதிய 'பேட்ச்' என்னும் நிரல், அந்த வேறுபாட்டைப் பெற்றுக்கொண்டு பழைய கோப்பைப் புதியதாக மாற்றும். அதனாலேயே திருத்தத்துக்கும் பேட்ச் என்ற பெயர் நிலைத்துவிட்டது. இன்று வழங்கும் வடிவத்தில், நீக்கப்படும் வரிக்கு முன்னால் கழித்தல் குறியும் சேர்க்கப்படும் வரிக்கு முன்னால் கூட்டல் குறியும் இருக்கும். அவற்றுக்கு மேலும் கீழும் மாற்றமில்லாத மும்மூன்று வரிகள் அடையாளத்துக்காக இடம்பெறும். வரி எண்ணை மட்டும் நம்பினால், கோப்பின் தொடக்கத்தில் வேறொருவர் பத்து வரிகளைச் சேர்த்த உடனேயே திருத்தம் தவறான இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். சுற்றியுள்ள வரிகளைத் தேடிப் பொருந்தும் இடத்தைக் கண்டுபிடிப்பதால், ஒருவரையொருவர் பார்த்தே இராத இருவர் ஒரே கோப்பில் ஒரே வாரத்தில் வேலை செய்ய முடிகிறது. எளிய உத்திதான், ஆனால் கண்டங்களைக் கடந்த கூட்டுழைப்பு அதன்மேல்தான் முதலில் எழுந்தது.

எனினும், பேட்ச் நிரல் எழுத்துகளைப் பொருத்திப் பார்க்குமே தவிரப் பொருளை அறியாது. ஒரு செயற்கூறு நேற்றுவரை இரண்டு மதிப்புகளைப் பெற்றுக்கொண்டு, இன்று மூன்றாவதாக ஒன்றையும் எதிர்பார்த்தால், நேற்று எழுதிய திருத்தம் அழகாக ஒட்டிக்கொள்ளலாம், ஆனால் வேலை செய்யாது. லினக்ஸ் கெர்னலில் இது அன்றாட நிகழ்வு. பயனரின் செயலிகளுக்குக் கெர்னல் தரும் இடைமுகம் மிகக் கண்டிப்பாகக் காக்கப்படுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட நிரல்கூடப் புதிய கெர்னலில் ஓட வேண்டும் என்பது டோர்வால்ட்ஸ் எவருக்கும் தளர்த்தாத விதி. ஆனால் கெர்னலின் உள்ளே ஒரு பகுதி மற்றொரு பகுதியை அழைக்கும் முறைக்கு அத்தகைய உறுதிமொழி ஏதும் இல்லை. மேலான வழி கண்டறியப்பட்டால் எந்த உள்முறையும் மாற்றப்படும். அப்படி மாற்றுபவர், கெர்னலுக்குள் அந்த முறையைப் பயன்படுத்தும் எல்லா இடங்களையும் தாமே தேடித் திருத்திக் கொடுக்க வேண்டும். ஆகவே, டிரைவர் எனப்படும் வன்பொருள் இயக்கி ஒன்று மூலத்திட்டத்துக்குள் இருந்தால், அதை எழுதியவர் உறங்கும்போதும் வேறு யாரோ அதைக் காலத்துக்கேற்பத் திருத்திக்கொண்டிருப்பார். வெளியே இருந்தால் அந்த வேலை முழுவதும் உரியவர் தலையிலேயே விழும். ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய கெர்னல் வெளிவருகிறது. ஒவ்வொன்றிலும் சுமார் 2000 பேர் செய்த 10,000-க்கும் அதிகமான மாற்றங்கள் இருக்கின்றன. வெளியே தனித்து நிற்கும் திருத்தம் இந்த ஓட்டத்தோடு ஒவ்வொரு முறையும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ஓரிரு ஆண்டுகளில் உரியவர் களைத்துப்போய்ப் பழைய கெர்னலிலேயே தங்கிவிடுகிறார், பாதுகாப்புக் குறைகளும் அவரோடு தங்கிவிடுகின்றன.

ஆண்ட்ராய்டின் தொடக்க ஆண்டுகள் இதற்குத் தெளிவான சான்று. 2008-இல் முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி விற்பனைக்கு வந்தபோது, அதன் கெர்னலில் 'வேக்லாக்' என்ற ஓர் ஏற்பாடு இருந்தது. கைப்பேசி இயன்றபோதெல்லாம் உறங்கிவிட வேண்டும், ஏதேனும் ஒரு பகுதிக்கு அது விழித்திருப்பது தேவைப்பட்டால் அப்பகுதி ஒரு பூட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும், எல்லாப் பூட்டுகளும் விடுபட்ட கணத்தில் மீண்டும் உறக்கம் என்பதே அதன் சாரம். அக்காலத்துக் கெர்னலோ, மடிக்கணினியின் மூடியைப் பயனர் மூடினால் உறங்குவது என்ற எண்ணத்தில் கட்டப்பட்டது. கூகுள் நிரலாளர்கள் 2009-இல் வேக்லாக்கை மூலத்திட்டத்துக்கு அனுப்பியபோது, மின்மேலாண்மைக்கு ஏற்கெனவே இருக்கும் வழிமுறைகளோடு அது ஒத்துப்போகவில்லை என்ற எதிர்ப்பு எழுந்து, விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. இடைப்பட்ட காலத்தில் கைப்பேசிகளுக்காக எழுதப்பட்ட இயக்கிகளெல்லாம் வேக்லாக்கை அழைத்தன. மூலத்திட்டத்தில் வேக்லாக்கே இல்லாததால், அந்த இயக்கிகளும் உள்ளே வர முடியாமல் வெளியே குவிந்தன. சோதனைப் பகுதியில் இடம் தரப்பட்டிருந்த ஆண்ட்ராய்டு நிரலும், கவனிப்பார் இல்லை என்ற காரணத்தால், 2010-இல் வெளிவந்த 2.6.33 கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது.

பூசலில் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆயினும் கூர்ந்து நோக்கினால், கூகுளின் விடை ஏற்கப்படாதபோதும் அது எழுப்பிய சிக்கல் மெய்யானது என்பதை மூலத்திட்டத்தார் உணர்ந்ததே திருப்புமுனையாக அமைந்தது. கைப்பேசி உறங்கப்போகும் அதே நொடித்துளியில் ஓர் அழைப்பு வந்தால், அது தவறிப்போகாமல் காப்பது எப்படி என்பதே அச்சிக்கல். மின்மேலாண்மைப் பகுதியின் பராமரிப்பாளரான ரஃபேல் வைசாக்கி, விழிப்பூட்டும் நிகழ்வுகளைக் கணக்கில் வைக்கும் பொதுவான ஏற்பாடொன்றை 2.6.36 கெர்னலில் சேர்த்தார். 2012 மார்ச்சில் வெளிவந்த 3.3 கெர்னலில் ஆண்ட்ராய்டு நிரல் திரும்பி வந்தது. அதே ஆண்டு 3.5 கெர்னலில், வேக்லாக் செய்துவந்த வேலையைச் செய்யக்கூடிய இடைமுகமும் இடம்பெற்றது. வேக்லாக்கின் இடத்தில் கடைசியில் உள்ளே சென்றது கூகுள் எழுதிய அதே நிரலன்று. மடிக்கணினிக்கும் கைப்பேசிக்கும் பிற கருவிகளுக்கும் ஒன்றுபோலப் பயன்படும் வேறொரு நிரலே சென்றது. ஒரு நிறுவனம் தன் தேவைக்கு எழுதியதை அப்படியே திணிப்பதற்கும், அத்தேவையைப் பொதுத் தேவையாக்கிக் கொடுப்பதற்கும் இடையே உள்ள தொலைவு மூன்றாண்டுகளாக நீண்டது.

மூன்றாண்டு நீண்ட காலம் என்று எண்ணுவோர், நிகழ்நேரக் கெர்னலின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். ஆலையில் இயங்கும் எந்திரக் கையோ ஒலிப்பதிவுக் கருவியோ தன் கணினியிடம் எதிர்பார்ப்பது வேகத்தைவிட, ஒருமுறைகூடத் தாமதிக்காத உறுதியை. சராசரியாக விரைவாக இயங்கி, ஆயிரத்தில் ஒருமுறை மட்டும் நின்று யோசிக்கும் கணினி அங்கே பயன்படாது. இந்த உறுதியைத் தருவதே நிகழ்நேரப் பண்பு. பொதுவான லினக்ஸ் கெர்னலில், ஒரு பகுதி, தான் கையாளும் தரவைப் பிறர் அதே நேரத்தில் தொடாதபடி பூட்டைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும்போது அதைவிட அவசரமான வேலை வந்தாலும் காத்திருக்க நேரும் இடங்கள் ஏராளமாக இருந்தன. 2004-இல் இங்கோ மோல்னாரும் பின்னர் தாமஸ் கிளைக்ஸ்னரும் முன்னின்று வளர்த்த 'பிரியெம்ப்ட்-ஆர்டி' என்ற திருத்தத் தொகுப்பு, அப்பூட்டுகளில் பெரும்பாலானவற்றை இடைமறிக்கத்தக்கவையாக மாற்றியது. வன்பொருளின் குறுக்கீடுகளைக் கையாளும் நிரலையும் மற்ற வேலைகளைப் போலவே முன்னுரிமை வரிசைக்குள் கொண்டுவந்தது. ஏறத்தாழ கெர்னலின் எல்லா மூலைகளையும் தொடும் மாற்றம் இது. மொத்தமாக ஒரே நாளில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் எவரும் படித்துப் பார்த்திருக்கக்கூட முடியாது.

அந்தக் குழுவினர் மேற்கொண்ட வழி, இவ்வகைப் பங்களிப்பின் இலக்கணமாகவே கொள்ளத்தக்கது. தங்கள் தொகுப்பில் நிகழ்நேரத்தைப் பற்றிக் கவலைப்படாதவர்களுக்கும் பயன் தரும் பகுதி எது என்று பார்த்துப் பார்த்து, அதை மட்டும் தனியே பிரித்து, அதன் தகுதியிலேயே அது நிற்கும்படி செப்பனிட்டு, ஒவ்வொன்றாக உள்ளே அனுப்பினர். 2006-இல் மியூடெக்ஸ் என்ற புதிய வகைப் பூட்டும், நுண்ணிய காலக்கணக்கு வைக்கும் ஏற்பாடும், பூட்டுகளைப் பிடிக்கும் வரிசையில் உள்ள பிழைகளைத் தானே கண்டுபிடிக்கும் 'லாக்டெப்' என்ற கருவியும் சென்றன. 2008-இல், கெர்னலுக்குள் நடப்பதை உற்றுநோக்க உதவும் 'எஃப்டிரேஸ்' ஸ்டீவன் ராஸ்டெட்டின் உழைப்பில் சென்றது. இன்று கெர்னலில் வேலை செய்யும் எவரும், நிகழ்நேரம் என்ற சொல்லையே கேள்விப்படாதவர் உட்பட, இவற்றை நாள்தோறும் பயன்படுத்துகின்றனர். ஒவ்வொரு பகுதி உள்ளே சென்றபோதும் வெளியே சுமக்க வேண்டிய தொகுப்பு சிறுத்தது, உள்ளே நம்பிக்கை பெருத்தது.

கடைசித் தடையாக நின்றது, வெளியாருக்கு அற்பமாகத் தோன்றக்கூடிய ஒரு செயற்கூறு: கெர்னல் தன் செய்திகளை எழுதப் பயன்படுத்தும் 'பிரிண்ட்கே'. கணினி செயலிழந்து விழும் தறுவாயில் என்ன நடந்தது என்று சொல்லும் ஒரே சாட்சி அதுதான் என்பதால், எந்த நிலையிலும் செய்தியை உடனே எழுதிவிட வேண்டும் என்பது அதற்கிடப்பட்ட கட்டளை. நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் இயங்கும் தொடர்முனையம் ஒன்றில் நூறு எழுத்துகள் கொண்ட ஒரு வரியை எழுத ஏறத்தாழ 9 மில்லிநொடி பிடிக்கும். மைக்ரோநொடிகளில் கணக்குப் பார்க்கும் நிகழ்நேர வேலைக்கு அது ஒரு யுகம். செய்தி தவறவும் கூடாது, பிற வேலைகள் நிற்கவும் கூடாது என்ற இரு கோரிக்கைகளையும் நிறைவேற்றும் வகையில் அச்செயற்கூறு பல ஆண்டுகளில் பகுதி பகுதியாகத் திருப்பி எழுதப்பட்டது. இறுதியாக 2024 செப்டம்பரில், வியன்னாவில் நிரலாளர்கள் கூடியிருந்தபோது, சேர்க்கை விண்ணப்பம் தாளில் அச்சிடப்பட்டு டோர்வால்ட்ஸின் கையிலேயே கொடுக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்த 6.12 கெர்னல் நிகழ்நேரப் பண்போடு வந்தது. இருபது ஆண்டுக்கால உழைப்பின் முடிவில் உள்ளே சென்ற கடைசித் திருத்தங்கள் சில வரிகளே.

இத்தகைய திருத்தங்கள் செல்லும் பாதையையும் சுருக்கமாக அறிந்துகொள்வது பயனுடையது. திருத்தம் எழுதியவர் அதை எவரும் படிக்கத்தக்க வகையில் உரிய பராமரிப்பாளருக்கு அனுப்புகிறார். வலைப்பின்னல், கோப்பு முறைமை, ஒலி என்று ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிப் பராமரிப்பாளர்கள் உண்டு. மற்றவர்கள் அதைப் படித்து மறுஆய்வு செய்கின்றனர். குறை சொல்லப்பட்டால் இரண்டாம் வடிவம், மூன்றாம் வடிவம் என்று வளர்ந்து, பத்தாம் வடிவம்வரை செல்வதும் அரிதன்று. பராமரிப்பாளர் ஏற்றதும், வெவ்வேறு பகுதிகளில் ஏற்கப்பட்டவை ஒன்றோடொன்று முட்டுகின்றனவா என்று பார்ப்பதற்காக 2008 முதல் தொகுக்கப்பட்டுவரும் 'லினக்ஸ்-நெக்ஸ்ட்' என்னும் ஒத்திகைத் தொகுப்பில் சேர்க்கப்படுகிறது. ஒவ்வொரு வெளியீட்டின் தொடக்கத்திலும் இரண்டு வாரங்களுக்கு மட்டும் டோர்வால்ட்ஸ் புதியவற்றை ஏற்கிறார். அதன்பின் ஏழெட்டு வாரங்கள் வழுக்களைக் களைவதற்கு மட்டுமே உரியவை.

ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் 'சைன்ட்-ஆஃப்-பை' என்ற சொற்களோடு அதைக் கையாண்டவர் ஒவ்வொருவரும் தம் பெயரைப் பதிக்கின்றனர். இந்நிரலைக் கொடுக்கும் உரிமை எனக்கு உண்டு என்று உறுதிகூறும் இவ்வழக்கம், லினக்ஸில் உரிமை மீறிய நிரல் இருப்பதாக எஸ்சிஓ நிறுவனம் 2003-இல் வழக்குத் தொடுத்ததை அடுத்து, 2004-இல் ஏற்பட்டது. வழுவைக் கண்டு சொன்னவர், சோதித்துப் பார்த்தவர், மறுஆய்வு செய்தவர் ஆகியோரின் பெயர்களும் அங்கே இடம்பெறுகின்றன. பெயர்களுக்கு மேலே, என்ன மாறியது என்பதைவிட ஏன் மாற வேண்டும் என்பதை விளக்கும் சில பத்திகள் இருக்க வேண்டும். ஒரே வரித் திருத்தத்துக்கு நாற்பது வரி விளக்கம் எழுதப்படுவது வெளியாருக்கு வியப்பாக இருக்கலாம். எழுதியவர் விலகிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்த வரியைத் தொடப்போகும் அறிமுகமற்ற ஒருவருக்காக எழுதப்படுவது அது.

பெரிய திருத்தத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் கெர்னல் முழுமையாக இயங்கும்படி அமைக்க வேண்டும் என்ற விதிக்கும் நுட்பமான பயன் உண்டு. 2005 ஏப்ரலில், அதுவரை பயன்பட்டுவந்த பிட்கீப்பர் மென்பொருளின் இலவச உரிமம் திரும்பப் பெறப்பட்டபோது, டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய 'கிட்' என்னும் கருவி எல்லா மாற்றங்களின் வரலாற்றையும் வைத்திருக்கிறது. பழைய கெர்னலில் ஒலித்த ஒலிபெருக்கி புதிய கெர்னலில் ஒலிக்கவில்லை என்று ஒருவர் கண்டால், இரண்டுக்கும் இடையிலுள்ள 13,000 மாற்றங்களில் எது காரணம் என்று அவர் நிரலைப் படிக்காமலேயே கண்டுபிடிக்கலாம். 'கிட் பைசெக்ட்' என்ற கட்டளை நடுவிலுள்ள மாற்றத்தை எடுத்துக் கொடுக்கும். அதைத் தொகுத்து இயக்கி, ஒலிக்கிறதா இல்லையா என்று சொன்னால் போதும், பாதி மாற்றங்கள் ஐயத்திலிருந்து விடுபடும். ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைவதால், பதினான்கு சோதனைகளில் குற்றவாளி ஒரே மாற்றமாகத் தனிப்பட்டுவிடும். ஒரு வரி நிரலும் எழுதத் தெரியாத பயனர், உலகில் மிகச் சிலரிடமே இருக்கும் ஒரு பழைய ஒலி அட்டையை வைத்துக்கொண்டு ஒரு பிற்பகல் முழுவதும் செய்யும் இவ்வேலை, கெர்னலை நன்கறிந்த நிரலாளரும் தம் அறையில் அமர்ந்து செய்ய முடியாத பங்களிப்பாகும். பங்களிப்பு என்றாலே நிரல் எழுதுவது என்ற எண்ணம் பரவலாக இருப்பது இழப்பே.

மூலத்திட்டத்தாரின் கண்ணில் முழுமையாகப் படாத திருத்தம் எத்தகைய தீங்கை விளைவிக்கும் என்பதற்கு, 2006-இல் டெபியனில் நேர்ந்த நிகழ்வு நினைவில் வைக்கத்தக்கது. டெபியன் என்பது வழங்கல் எனப்படும் வகையைச் சேர்ந்தது. அதாவது, ஆயிரக்கணக்கான மூலத்திட்டங்களின் மென்பொருள்களைத் திரட்டி, ஒன்றோடொன்று இசையச் செய்து, பயனருக்கு முழு அமைப்பாகத் தரும் தொகுப்பு. இணையத் தொடர்புகளுக்கு மறைகாப்பு அளிக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருள், தனக்குத் தேவையான ஊகிக்க முடியாத எண்களைப் பல இடங்களிலிருந்து திரட்டி ஒரு கலவையில் இடுவது வழக்கம். அவ்வாறு இடும் வரிகள் இரண்டைப் பற்றி, நினைவகப் பிழைகளைத் தேடும் 'வால்கிரைண்ட்' என்ற கருவி, மதிப்பிடப்படாத நினைவகம் படிக்கப்படுவதாக எச்சரிக்கை விடுத்துக்கொண்டே இருந்தது. டெபியனில் அப்பொதியைக் கவனித்துவந்தவர், இவ்வரிகளை நீக்கலாமா என்று மூலத்திட்டத்தாரிடம் பொதுவாகக் கேட்டார், ஆட்சேபம் இல்லை என்பதாக விடை வந்தது. ஆனால் திருத்தம் முழுமையாக மூலத்திட்டத்தில் மறுஆய்வுக்குச் செல்லவில்லை. நீக்கப்பட்ட இரண்டில் ஒன்று தீங்கற்றது. மற்றொன்றோ, கலவைக்குள் எதையும் இடுவதற்கு இருந்த முதன்மையான வழி.

அதன்பின் கலவையில் எஞ்சியது, அப்போது ஓடிக்கொண்டிருந்த நிரலின் வரிசை எண் மட்டுமே. அது 32,768-க்கு உட்பட்டது. வானத்து விண்மீன்களைவிட அதிகமாக இருந்திருக்க வேண்டிய மறைகாப்புத் திறவுகோல்கள், ஒரு சாதாரணக் கணினியில் முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சுருங்கிவிட்டன. 2008 மே மாதத்தில் டெபியன் நிரலாளர் லூசியானோ பெல்லோ இதைக் கண்டறியும்வரை, டெபியனிலும் அதை அடியொற்றிய உபுண்டுவிலும் ஓப்பன்எஸ்எஸ்எல் வழியே உருவான திறவுகோல்கள் எல்லாம் இந்நிலையிலேயே இருந்தன. உலகெங்கும் சேவையகங்களைக் கவனிப்போர் அவற்றைக் களைந்து புதியன உருவாக்க வேண்டியதாயிற்று. திருத்தியவர் கவனக்குறைவானவர் என்று முடிப்பது எளிது, ஆனால் அது நேர்மையாகாது; அந்த ஒரு வரியின் பொருள் அதை எழுதியவர்களின் மனத்தில் மட்டும் இருந்தது, அருகில் ஒரு விளக்கக் குறிப்புகூட இல்லை. திருத்தம் முழு வடிவில் அவர்கள் முன் வைக்கப்பட்டிருந்தால், இரண்டாவது வரியைக் கண்டதும் எவரேனும் தடுத்திருக்க வாய்ப்புண்டு.

தமிழ் எழுத்துகள் திரையில் தோன்றும் முறையிலும் மூலத்திட்டத்தின் வலிமையைக் காணலாம். 'கொ' என்ற எழுத்து யூனிகோடில் ககரமாகவும் அதைத் தொடரும் ஒகரக் குறியாகவும் சேமிக்கப்படுகிறது. திரையிலோ அக்குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் வந்து நிற்க வேண்டும். இந்தப் பிரிப்பையும் இடமாற்றத்தையும் செய்யும் நிரலுக்கு எழுத்து வடிவமைப்பு எந்திரம் என்று பெயர். ஒரு காலத்தில் பாங்கோ, க்யூடி, ஐசியு என்று ஒவ்வொரு மென்பொருள் குடும்பமும் இந்திய எழுத்துகளுக்குத் தனித்தனி எந்திரம் வைத்திருந்தது. ஒன்றில் களைந்த வழு மற்றொன்றில் அப்படியே இருந்தது. பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் முன்னின்று வளர்த்த ஹார்ஃப்பஸ் என்ற பொது எந்திரத்தைப் பயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரெஆபிஸ் ஆகியவை அடுத்தடுத்து ஏற்றுக்கொண்ட பிறகு, அங்கே செய்யப்படும் ஒரே திருத்தம் யாழ்ப்பாணத்துக் கைப்பேசிக்கும் கோலாலம்பூர் அலுவலகக் கணினிக்கும் சென்றுவிடுகிறது. தமிழ்க் கிழமைப் பெயர்கள், லட்சம் கோடி என்று எண்களுக்குக் காற்புள்ளி இடும் முறை போன்ற மொழித் தரவுகளுக்கு இதே இடத்தை வகிப்பது, யூனிகோடு அமைப்பின் சிஎல்டிஆர் தரவுத் தொகுப்பு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நான்கு நாடுகளின் தமிழ் வழக்குக்கும் அதில் தனித்தனி இடம் உண்டு. ஒரு செயலியில் தமிழ் பிழையாக வருகிறது என்று அச்செயலியை மட்டும் செப்பனிடும் குழு அதே பிழையை அடுத்த செயலியிலும் சந்திக்க வேண்டியிருக்கும். மூலத்தைத் தேடிச் செல்லும் குழுவுக்கு அந்தச் சுமை இல்லை.

ஆனால் தலைமடையில் ஆட்கள் இருக்க வேண்டும். 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை ஓப்பன்எஸ்எஸ்எல்லில் வெளிப்பட்டபோதுதான், இணைய வணிகத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த அம்மென்பொருளை விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே தாங்கிவந்தனர் என்பது வெளியுலகுக்குத் தெரிந்தது. பெருநிறுவனங்கள் லினக்ஸ் அறக்கட்டளையின் வழியே அவசரமாக ஒரு நிதியத்தை உருவாக்கின. பத்தாண்டுகள் கழித்து, தனிமனிதரின் தோளில் நின்ற மற்றொரு திட்டம் திட்டமிட்டே குறிவைக்கப்பட்டது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளுக்கு, ஒருவர் புனைபெயரில் வந்து, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையாக நல்ல திருத்தங்களை அனுப்பினார். பணிகள் தாமதமாவதாக வேறு சில பெயர்களிலிருந்து பராமரிப்பாளருக்கு நெருக்கடி வந்தது; களைத்திருந்த அவர் புதியவரைத் துணைப் பராமரிப்பாளராக ஏற்றார். 2024 தொடக்கத்தில் வெளிவந்த 5.6.0, 5.6.1 வடிவங்களில் அந்தப் புதியவர் ஒரு கள்ளக் கதவை மறைத்து வைத்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதையும் வால்கிரைண்ட் எச்சரிக்கைகளையும் விடாமல் துருவிய ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலாளர் மார்ச் 29 அன்று அதை உலகறியச் செய்தார்.

பலரும் போதிய கவனம் தராத ஒரு கூறு இங்கே உண்டு. ஓப்பன்எஸ்எஸ்எச் மூலத்திட்டம் எக்ஸ்இசட்டைப் பயன்படுத்துவதே இல்லை. சேவை தொடங்கிவிட்டது என்று சிஸ்டம்டி என்ற மேலாளருக்குச் செய்தி சொல்வதற்காக டெபியன் முதலிய சில வழங்கல்கள் தங்கள் அளவில் ஒரு திருத்தத்தைச் சேர்த்திருந்தன; அத்திருத்தம் இழுத்துவந்த நூலகம் எக்ஸ்இசட்டையும் உடன் இழுத்துவந்தது; கள்ளக் கதவு அந்த வழியைத்தான் நம்பியிருந்தது. பல ஆண்டுகள் கடைமடையில் தங்கிவிட்ட அத்தேவையை, 2024 ஜூலையில் வந்த 9.8 வடிவத்தில் ஓப்பன்எஸ்எஸ்எச் மூலத்திட்டம் எந்த வெளி நூலகமும் இல்லாமல் தானே நிறைவேற்றிக் கொடுத்தது. வேலை என்னவோ சில பத்து வரிகள்தான்.

மறுஆய்வு செய்யவும் சோதிக்கவும் ஆள் கிடைப்பதே இன்று நிரலைவிட அரிதாக இருக்கிறது; இவ்வேலைகளைக் குழுவாகச் செய்வதில் தனிப்பயன் உண்டு, ஏனெனில் ஒரு கல்லூரியிலோ ஊரிலோ சிலர் சேர்ந்து ஒரே திட்டத்தைத் தொடர்ந்து படித்துவந்தால், ஒருவர் விலகினாலும் அறிவு விலகுவதில்லை, முதல் திருத்தத்தை அவர்களே தமக்குள் மறுஆய்வு செய்துகொண்டு பராமரிப்பாளரின் நேரத்தைக் காக்கவும் முடியும். ஒரே நாளில் நூறு எழுத்துப்பிழைத் திருத்தங்களை அனுப்பி எண்ணிக்கை காட்டும் குழு பராமரிப்பாளருக்குச் சுமை. ஒரே இயக்கியை இரண்டு ஆண்டுகள் விடாமல் சோதிக்கும் குழு அவருக்குத் துணை. எங்கே தொடங்குவது என்று தேடுவோருக்குக் கெர்னலின் முதல் அடைவிலேயே 'மெயின்டெய்னர்ஸ்' என்ற கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் நேரே அதன் நிலை அங்கே குறிக்கப்பட்டிருக்கும்: ஊதியம் பெற்று ஒருவர் கவனிப்பது ஒரு வகை, யாரோ ஒருவர் கவனிப்பது ஒரு வகை, பராமரிப்பாளர் இருந்தும் நேரம் இல்லாதது ஒரு வகை, ஒருவருமே இல்லாமல் 'ஆர்ஃபன்' என்று குறிக்கப்பட்டது ஒரு வகை. கடைசி வகைக்கு அக்கோப்பின் தொடக்கத்தில் தரப்பட்டுள்ள விளக்கம், இப்போது பராமரிப்பாளர் எவரும் இல்லை என்று சொல்லிவிட்டு, புதிய நிரலை எழுதும்போது படிப்பவரே அப்பொறுப்பை ஏற்றுக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது.